குட்டி ரன்வேக்கு எந்த ப்ளேன்? என்ஜினை அப்புறம் பாருங்க

இந்த வார எபிசோட்ல நேரம் பத்தாம விட்டுப்போன கேள்வி ஒண்ணு. "மாமனார் பண்ணையில 900 அடி புல்வெளி இருக்கு, கடைசியில வரிசையா மரம். கையில பெரிய காசு இல்ல. எந்த ப்ளேன் வாங்கலாம்?" கேட்டவர் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகுதாம்.

அவர் அனுப்பின லிங்க் எல்லாம் அலாஸ்காவின் வால்டீஸ் போட்டி வீடியோக்கள். ப்ளேன் நாலு எட்டு வெச்சதும் எழும்புது. பார்க்க அருமைதான். ஆனா அது கடல் மட்டத்தில், மே மாசக் குளிரில், எதிர்க்காத்தை வாங்கிக்கிட்டு, பைலட் ஒருத்தர் மட்டும் கொஞ்சமா பெட்ரோல் போட்டுக்கிட்டுச் செய்யுற வித்தை. அந்த எண்ணை வெச்சு யாரும் ப்ளேன் வாங்கக் கூடாது.

நான் முதலில் பார்ப்பது ஸ்டால் வேகம். அதாவது, எந்த வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை ப்ளேனைத் தாங்காதோ அந்த வேகம். தரை தொட்டபின் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1949-ல் வந்த பைப்பர் சூப்பர் கப், ஃப்ளாப் போட்டால் மணிக்கு 43 மைல் அளவில் ஸ்டால் ஆகும். ஸெனித் சிஎச் 701 சுமார் 30 மைலில். வித்தியாசம் 13 மைல்தான், ஆனா சக்திக் கணக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

காசு கம்மின்னா என் ஓட்டு அந்த 701-க்குத்தான். கிரிஸ் ஹைன்ட்ஸ் 1980-களில் வடிவமைத்தது. இறக்கையின் முன்விளிம்பில் குட்டி இறக்கை மாதிரி ஸ்லாட் நிரந்தரமா பொருத்தியிருக்கும். மூக்குச் சக்கரம் இருப்பதால், வால் சக்கர ப்ளேன் மாதிரி தரையில் சட்டுன்னு சுத்திக்கிட்டுப் போற பயம் குறைவு. 100 ஹார்ஸ்பவர் ரோடாக்ஸ் என்ஜின் பிரீமியம் கார் பெட்ரோலிலேயே ஓடும். நல்ல நிலையில் இருக்கும் சூப்பர் கப் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சகஜம். பாதி விலை பழைய பேருக்குன்னு எனக்குத் தோணும் (கப் ரசிகர்கள் திட்டலாம், பரவாயில்லை).

குறை இல்லாம இல்லை. மணிக்கு 80 மைல்தான் போகும், ஹைவேயில் கார் உங்களை முந்தும். என்ஜின் நின்னா மிதந்து போகாது, சர்ருன்னு இறங்கும். எடைதான் பெரிய தலைவலி: மொத்தம் 1,100 பவுண்டு, வெறும் ப்ளேனே 580 பக்கம். மிச்சம் 520. தலா 180-ல் ரெண்டு பேர், 20 காலன் பெட்ரோல் 120 பவுண்டு. பைக்கு நாற்பதுதான் மிச்சம். அப்புறம், வேறொருத்தர் வீட்டில் கட்டினதை வாங்கினால், அமெரிக்காவில் வருடாந்திரச் சோதனைக்குக் கையெழுத்துப் போடக் கட்டினவருக்குக் கிடைக்கிற சலுகை உங்களுக்குத் தானா வந்துடாது. மெக்கானிக் செலவையும் விலையோட சேர்த்துப் பாருங்க.

எனக்கு உண்மையா பயம் தருவது வேற: இறங்க முடிஞ்ச இடத்திலிருந்து எழும்ப முடியாம போகலாம். ஐடஹோவின் ஜான்சன் கிரீக் ரன்வே 4,933 அடி உயரத்தில் இருக்கு. 30 டிகிரி வெயிலில் அங்கே காத்து 8,000 அடி உயரத்தில் இருக்கிற மாதிரி மெலிஞ்சிடும். என்ஜினும் இளைக்கும், இறக்கையும் இளைக்கும். அந்த ரன்வே 3,400 அடி நீளம், அதனால சமாளிச்சுடலாம். 900 அடியில் அந்தத் தாராளம் கிடையாது. விளம்பரத்தில் போடுற தூரம் சக்கரம் தரையை விடும் வரைக்கும்தான். மரத்தைத் தாண்டுற தூரம் தனிக் கணக்கு. மேனுவல் சொல்லும் தூரத்தோட இன்னும் பாதியைக் கூட்டிக்கச் சொல்லுது ஏஓபிஏ.

பைலட் கையும் கணக்கில் வரும். 40 மைலில் வரவேண்டிய இடத்தில் 45-ல் வந்தாலே சக்தி கால் பங்குக்கு மேல் கூடிடும். அதனால நேயரே, 701-ஐ வாங்குங்க, ஆனா முதல் வருஷம் அதை நீளமான ரன்வே இருக்கிற ஏர்போர்ட்டில் நிறுத்துங்க. அங்கேயே 900 அடிக்கு ஒரு அடையாளம் குறிச்சுக்கிட்டு, தனியாவும் முழுச் சுமையோடவும், காலையிலும் மதியத்திலும் இறங்கி எழும்பிப் பாருங்க. பத்துக்குப் பத்தும் அதுக்குள்ள முடிஞ்சா மாமனாருக்கு போன் பண்ணுங்க. அந்த மரங்களை வெட்ட ஒத்துப்பாரான்னும் அப்படியே கேட்டு வைங்க.