கைப்பேசி மூளை கொண்ட காமிரா

2012-ஆம் ஆண்டில் காமிரா செய்வோர்க்குப் புதியதோர் ஆசை பிறந்தது. கைப்பேசியே படம் பிடித்து, பிடித்த மாத்திரத்தில் கடல் கடந்த நண்பர்க்கும் அதனை அனுப்பிவிடக் கண்ட அவர்கள், கைப்பேசியின் இயங்குதளமாகிய ஆண்டிராய்டைத் தம் சிறு காமிராக்களுள் குடியேற்றினர். நிக்கான் கூல்பிக்ஸ் எஸ்800சி, சாம்சங் காலக்ஸி காமிரா என்னும் இரண்டும் அவ்வாண்டே வெளிப்போந்தன. பின்னது 21 மடங்கு பெருக்கிக் காட்டும் வில்லையும், முதுகு நிறைந்த 4.8 அங்குலத் திரையும் உடையது. சிம் அட்டையை ஏற்கும். ஆயின் அதிற் பேசுதல் இயலாது!

பிடித்த படத்தை அவ்விடத்தேயே திருத்தி அனுப்பும் வசதி சிறந்ததென்பதை யாம் மறுக்கிலோம். எனினும் இக்கருவிகள் நிலைபெற்றில. கைப்பேசிகளின் காமிராக்கள் மேம்பட்டமையே காரணம் என்பர். அது மெய்யே, ஆயின் எமக்குப் பெரிதாகத் தோன்றுவது பிறிதொன்று. நன்கு பேணப்பெற்ற கண்ணாடி வில்லை ஐம்பதாண்டும் உழைக்கும். இயங்குதளமோ சில ஆண்டுகளிலே மூப்பெய்தும். இவ்விரண்டையும் பிரிக்கவொண்ணாதவாறு பிணைப்பின், நெடிது வாழத்தக்கது குறுகிய ஆயுளுடையதோடு கூடி மதிப்பிழத்தல் திண்ணம்.

மேற்சொன்ன நிக்கான் கருவியையே நோக்குக. அதில் அமைந்தது ஆண்டிராய்டு 2.3. 2.3.7-உம் அதற்கு முந்தியனவுமாகிய பதிப்புகளினின்று தன் கணக்கினுள் நுழைவதைக் கூகுள் நிறுவனம் 2021 செப்டம்பர் 27 முதல் நிறுத்திவிட்டது. படம் இன்றும் பிடிக்கலாம், வில்லையிற் குறையொன்றுமில்லை. எவ்வசதியின் பொருட்டு ஒருவர் அதனை விரும்பி வாங்கினாரோ, அதன் பெரும்பகுதியே தொலைந்தது.

செயலிகள் காமிராவினுள்ளேயே வேண்டும் என வாதிடும் மாணவ நண்பர்க்கு யாம் கூறுவது இது: காமிரா காமிராவாகவே இருக்க, படத்தைக் கம்பியில்லா வழியிற் கைப்பேசிக்குத் தருக. கைப்பேசி மூத்தால் அதனை மாற்றிக்கொள்ளலாம். வில்லையைக் கைவிட வேண்டுவதில்லை. அங்ஙனம் அனுப்புதற்கும் ஒரு செயலி வேண்டுமே, அதுவும் ஒருநாள் மூப்பெய்தாதோ எனின், எய்தும். அப்பொழுதும் நினைவட்டையைக் கழற்றிக் கணினியிற் செருகும் பழைய வழி உண்டு. 1846-இல் ஜேனா நகரிற் றோன்றிய ஜைஸ் நிறுவனம் 2020-இல் 6000 டாலர் விலையில் விற்பனைக்குக் கொணர்ந்த ஆண்டிராய்டு காமிராவிலோ, அவ்வட்டைக்கும் இடம் வைத்தாரில்லை.