பழைய நாணயம், புதிய வலை: வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

ஈப்போ: பேராவின் ரப்பர் தோட்டங்களை விட்டு வெளியேறிய பல குடும்பங்களில், தாத்தா பாட்டி காலத்துச் சதுர ஒரு காசு நாணயத்தைச் சாமி மேடையில் பத்திரமாக வைத்திருப்பார்கள். அது அந்தக் குடும்பத்தின் நினைவு. அந்த நினைவையும் பக்தியையும்தான் சமூக ஊடகங்களில் சுற்றும் சில நாணய விளம்பரங்கள் குறிவைக்கின்றன.

அவற்றில் அதிகம் தென்படுவது, ஒரு பக்கம் அனுமன் அல்லது ராமர் பட்டாபிஷேகமும் மறுபக்கம் ‘கிழக்கிந்தியக் கம்பெனி, 1818’ என்ற எழுத்தும் கொண்ட அணா நாணயம். "200 ஆண்டுப் பழமை, வீட்டில் வைத்தால் செல்வம் பெருகும்" என்று ஆசை காட்டி, பெரும் விலை சொல்வார்கள். உண்மையில் கம்பெனி அப்படியோர் அணா நாணயத்தை அடித்ததே இல்லை. அவை பிற்காலத்தில் விற்பனைக்காகவே உருவாக்கப்பட்டவை.

பொய் எடுபடுவதற்குக் காரணம், அதில் கொஞ்சம் உண்மையும் கலந்திருப்பதே. சென்னையில் கம்பெனி அடித்த தங்க வராகன்களில் திருமால் உருவம் உண்டு. இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டவர் செம்பு அணாவையும் நம்பிவிடுகிறார். தமிழ்நாட்டில் இதே ஆசை ‘ரைஸ் புல்லிங்’ மோசடியாக வளர்ந்தது. அரிசியை இழுக்கும் அபூர்வ சக்தி கொண்டதென்று செம்புப் பாத்திரங்களையும் நாணயங்களையும் காட்டிப் பணம் பறித்த பலர் கைதாகியுள்ளனர்.

இன்னொரு வகை, வாங்குவதாகச் சொல்லி ஏமாற்றுவது. "உங்கள் பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்பார்கள். தன் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணமும் கமிஷனும் கேட்கப்படுவதாக இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. உலக வர்த்தக மையத்தில் மீட்கப்பட்ட வெள்ளியால் ஆனது என்று கூறி, 2004இல் அமெரிக்காவில் ஒரு நாணயம் 19.95 டாலருக்கு விற்கப்பட்டது. அதிலிருந்த வெள்ளிப் பூச்சின் மதிப்பு சுமார் 1.4 சென்ட் மட்டுமே. நியூயார்க் நீதிமன்றம் அந்த விற்பனைக்குத் தடை விதித்தது.

வயது மட்டுமே நாணயத்திற்கு விலை தருவதில்லை. எத்தனை அடிக்கப்பட்டன, எந்த நிலையில் உள்ளது, தேடுவோர் எத்தனை பேர் என்பவையே விலையைத் தீர்மானிக்கின்றன. சதுர ஒரு காசு ஏராளமாகப் புழங்கியதால், சாதாரண நிலையில் இருந்தால் சில ரிங்கிட்தான் பெறும். 2005 டிசம்பர் 7ஆம் தேதி செல்லாததாக்கப்பட்ட ஒரு ரிங்கிட் நாணயமும் ஒரு காலத்தில் எல்லார் பையிலும் இருந்ததுதான்.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "அடுத்த மாதம் இதே விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வீர்களா? எழுதித் தருவீர்களா?" பதில் மழுப்பலாக வந்தால் ஒதுங்கிவிடுவதே நல்லது.

பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மௌனமாக இருக்க வேண்டியதில்லை. வங்கி வழியாகப் பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை அழைக்கலாம். விற்றவர் அடையாளம் தெரிந்த வணிகர் என்றால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. விளம்பரப் படம், உரையாடல், ரசீது ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருப்பது முக்கியம்.

பால்மரம் வெட்டிச் சேர்த்த சேமிப்பு அது. சாமி மேடையில் தாத்தா விட்டுச்சென்ற சதுரக் காசு இருக்கும்போது, அதன் பக்கத்தில் போலி அனுமன் காசு எதற்கு?