வேலிக்குள் வளருமா வேகம்?

திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாறில் 1980-களில் 4 சிங்கங்களுடன் சஃபாரி பூங்கா தொடங்கப்பட்டது. குட்டிகள் பெருகின, பயணிகள் குவிந்தனர். பின்னர், பெருகியதே சுமையாகி, சிங்கங்களுக்குக் கருத்தடை செய்யப்பட்டது. அங்கு பிறந்தவற்றில் எஞ்சியிருந்த பெண் சிங்கமும் 2021-ல் இறந்தது. வேலிக்குள் பெருகும் எண்ணிக்கை, வனத்தின் பெருக்கமாகிவிடாது என்பதே நெய்யாறு தரும் பாடம்.

மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவில் இப்பாடம் நினைவுகூரப்பட வேண்டும். 1952-ல் நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட சிவிங்கிப்புலி, 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8, 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 எனக் கொண்டுவரப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு குட்டியின் பிறப்பும் அரசின் வெற்றியாக அறிவிக்கப்படுகிறது. வெற்றியின் அளவுகோல் அதுதானா?

சிவிங்கிப்புலி பதுங்கிக் கொல்லும் சிறுத்தை அல்ல. பகலில் கண்ணால் இரையைத் தேர்ந்து, இயன்றவரை நெருங்கி, மணிக்குச் சுமார் 100 கி.மீ. வேகத்தில் சில நூறு மீட்டர் மட்டுமே துரத்தும். முன்னங்காலால் இடறி வீழ்த்தி, குரல்வளையைக் கவ்வும். களைத்து மூச்சிரைக்கும் வேளையில் சிங்கமோ கழுதைப்புலியோ வந்தால் போரிடாமல் இரையை விட்டு விலகும். அதற்குத் தேவை திறந்த புல்வெளியும் போதிய இரையும்.

குட்டிகளை வளர்ப்பது தாய் மட்டுமே. தந்தைக்கு அதில் பங்கில்லை. புதரில் ஒளித்த குட்டிகளைச் சில நாள்களுக்கு ஒருமுறை இடம் மாற்றும். அவை சற்று வளர்ந்ததும் மான் குட்டியை உயிருடன் கொணர்ந்து வேட்டை பழக்கும். இந்தப் பள்ளிப்படிப்பு முடிய ஏறத்தாழ 18 மாதங்கள் ஆகும். தான்சானியாவின் செரங்கெட்டியில் நடந்த ஆய்வொன்றில், 20 குட்டிகளில் ஒன்றே தனித்து வாழும் பருவத்தை எட்டியது. பிறப்பைவிடப் பிழைப்பே பெரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

குனோவிலும் 2023 மார்ச்சில் பிறந்த முதல் 4 குட்டிகளில் 3, மே மாத வெயிலில் மடிந்தன. மனிதர் கைகளில் வளர்ந்த நான்காவது குட்டி முகி, 2025 நவம்பரில் 5 குட்டிகளை ஈன்றது. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், 2023 ஆகஸ்டுக்குப் பின் ஓராண்டுக்கும் மேலாகப் பெரும்பாலான சிவிங்கிப்புலிகள் அடைப்புகளிலேயே வைக்கப்பட்டிருந்ததை மறக்கலாகாது.

செரங்கெட்டியில் ஒரு பெண் சிவிங்கிப்புலி உலவும் பரப்பு சுமார் 800 சதுர கி.மீ. குனோ தேசியப் பூங்காவின் பரப்போ 748 சதுர கி.மீ. மட்டுமே. பூங்காவுக்கு வெளியே உள்ள புல்வெளிகளோ அரசுப் பதிவேடுகளில் பெரும்பாலும் 'தரிசு'. தரிசு என்று எழுதிய நிலத்தைத் தாரைவார்ப்பது எளிது. அந்நிலத்தை நம்பியிருக்கும் கால்நடை மேய்ப்போரும் அதனால் வாழ்விழக்கின்றனர்.

ஆகவே, புல்வெளிகளைத் தரிசுப் பட்டியலிலிருந்து நீக்குவதும், ஆடுமாடு இழப்போருக்குத் தாமதமின்றி இழப்பீடு தருவதும், தாமாக வேட்டையாடி வளர்ந்த குட்டிகளின் கணக்கை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைப்பதும் மத்திய அரசின் கடமை. இல்லையேல், குனோ இன்னொரு நெய்யாறாக முடியக்கூடும்.