கதவு திறக்க போன் மட்டும் போதுமா?



சென்னையில் மகன் குடியிருக்கும் அடுக்குமாடியில் வாசல் கதவுக்கு இப்போது சாவி கிடையாது. போன் சட்டைப்பையில் இருந்தால் போதும். பக்கத்தில் போனதும் ப்ளூடூத் மூலம் அடையாளம் கண்டு கதவு தானே திறக்கிறது. இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு வந்தபோது எனக்கே சுகமாகத்தான் இருந்தது.

ஆனால் வியாழக்கிழமை காலை பார்த்தது மனதை உறுத்துகிறது. பல வருடமாக அங்கே வீட்டு வேலைக்கு வரும் அம்மா, அரை மணி நேரமாக வெளியே நின்றிருந்தார். அவரிடம் இருப்பது பட்டன் போன். யாராவது வரும்போது கூடவே நுழைய வேண்டும். "பழகிடுச்சு சார்" என்றார். பத்து நாள் விருந்தாளியான எனக்குக் கதவு திறக்கிறது!

பாதுகாப்புக்காக என்கிறார்கள். 2022-ல் என்.சி.சி. குரூப் ஆய்வாளர் ஒருவர், போன் தள்ளி இருக்கும்போதே அதன் ப்ளூடூத் சிக்னலை நடுவில் கருவி வைத்துக் கடத்தி, டெஸ்லா காரையே திறந்து காட்டினார். தவிர, ஒருவர் பின்னால் இன்னொருவர் நுழைவதை இந்தக் கதவு தடுப்பதில்லை. அந்த அம்மாவே அப்படித்தானே தினமும் வருகிறார்?

போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூடவே ஓர் அட்டையோ ரகசிய எண்ணோ கொடுக்கலாமே. சார்ஜ் தீர்ந்த நாளில் நமக்கும் உதவும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கேட்கும்படி மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஐ.டி.யில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் அலுவலகத்தில் துப்புரவுப் பணியாளர்கள் எப்படி உள்ளே வருகிறார்கள்? நாளைக் காலை கவனித்துவிட்டு எழுதுங்கள்.