கதவடைத்துப் பேச ஓர் அறை

மனம் நொந்த மாணவர் சிலர் இந்நாளில் இணையவழியே தனி ஆலோசகரை நாடுகின்றனர். அதனை இழிவென்பார் உளர். நாம் அங்ஙனம் கருதோம். ஆயினும் எதிர்பார்க்கத் தக்கது யாதெனத் தெளிதல் நன்று. ஒரே நாளில் துயர் நீங்காது. ஆலோசகர் கட்டளையிடார், வினவுவார், செவிசாய்ப்பார், வழிகாணத் துணைநிற்பார். அவர்தம் கல்வித்தகுதி, கட்டணம், இரகசியங்காக்கும் முறை ஆகியவற்றை முதற்கண் கேட்டறிதல் வேண்டும். தொலைவிலிருப்பவரால் ஓடிவந்து கைதாங்க இயலாது. உயிர்க்கு ஊறு தோன்றின், அருகிருப்பாரிடம் உடனே உரைத்து, 2022 முதல் இந்திய அரசினர் நடத்தும் 14416 என்னும் இலவசத் தொலைபேசியை அழைத்தல் கடன்.

பிறர் செவிப்படுமென அஞ்சுவோன் மனந்திறவான். மூவர் உறையும் விடுதியறையில் அவன் என் செய்வான்? ஆதலின் விடுதிதோறும் கதவடைத்துப் பேச ஓர் அறை ஒதுக்குமாறு கல்லூரி அதிபரை வேண்டுகின்றோம்.