'அந்த இடத்து' வலி

நெஞ்சு வலித்தால் தெருவையே கூட்டுகிறோம். பல் வலித்தால் ஆபீஸ் பூரா சொல்கிறோம். ஆம்பிளைக்கு விதைப்பையில் வலி வந்தால்? பெண்டாட்டியிடம்கூட 'லேசா இடுப்பு வலி' என்று மழுப்பிவிட்டு முனை மருந்துக்கடைக்கு நடக்கிறான். அங்கேயும் முனகல்தான். கடைக்காரர் குறிப்பறிந்து நாலு ஆன்டிபயாடிக் மாத்திரை கிழித்துக் கொடுக்கிறார்.

நம்ம புதுச்சேரி, யானைக்கால் கொசுவோடு மல்லுக்கட்டிய ஊர். நோய்க்கடத்திகளை ஆராயும் மத்திய அரசு மையம் 1975 முதல் இங்கேதான் இருக்கிறது. ஓதம் என்றால் என்னவென்று பாட்டிக்கும் தெரியும். அதில் வந்த வினை இது: வீங்கினால் ஓதம், வலித்தால் இன்ஃபெக்ஷன். மூன்றாவது பேச்சே கிடையாது.

மூன்றாவது உண்டு சார். ரத்த ஓட்டம்!

விதை முறுக்கிக்கொண்டால் ரத்தம் நின்றுபோகும். பையன்களுக்குத்தான் அதிகம், நாற்பதிலும் வரலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்கும். தாமதிக்கத் தாமதிக்க, வெட்டி எடுப்பதுதான் வழி.

இன்னும் அபூர்வமானவையும் உண்டு. விதையின் ஒரு பகுதிக்கு மட்டும் ரத்தம் நிற்கலாம். அதைச் சுற்றிய சிரைகளில் ரத்தம் உறையலாம். தமனிச் சுவரே அழற்சியில் புண்ணாகலாம். வயதானவருக்கு விதையில் ஒரு குறையுமில்லாமல் வலி மட்டும் உயிர் போகிறதா? வயிற்றுக்குள் மகாதமனி வீங்கி வெடிக்கிற நேரமாக இருக்கலாம். அவருக்கு மாத்திரை கொடுத்து அனுப்புவது, வீட்டுக்கல்ல.

பெரியவர்களுக்கு வரும் இந்த வலி பெரும்பாலும் கிருமியால்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'பெரும்பாலும்' என்பது பரிசோதனை ஆகாதே! வேட்டியை விலக்கிப் பார்க்காமலே சீட்டு எழுதும் டாக்டர்களைத்தான் கேட்கிறேன். டாப்ளர் ஸ்கேன் வைத்தால் ரத்தம் ஓடுகிறதா, நிற்கிறதா என்று தெரிந்துவிடும். முறுக்கல் என்று பலமான சந்தேகமென்றால் ஸ்கேனுக்கும் காத்திருக்காமல் ஆபரேஷன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு பகுதி மட்டும் ரத்தமின்றிச் செத்தால், ஸ்கேனில் புற்றுநோய்க் கட்டி போலவே தெரியலாம். கட்டிக்குள் பொதுவாக ரத்தம் ஓடும், இதில் ஓடாது. நிதானமாக எம்.ஆர்.ஐ.யும் ரத்தப் பரிசோதனையும் பார்த்தால், அவசரப்பட்டு எடுத்துவிடாமல் காப்பாற்ற முடியும்.

திடீரென்று கடும் வலியா? மருந்துக்கடை வேண்டாம். நேரே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். 'இடுப்பு' என்று மழுப்பாமல் 'விதையில் வலி, இத்தனை மணிக்கு ஆரம்பித்தது' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

1823-ல் பிரெஞ்சுக்காரன் மருத்துவப் பள்ளி திறந்த ஊர் இது. அதன் வழிவந்ததுதான் கோரிமேட்டு ஜிப்மர். வைத்தியம் சொல்லிக்கொடுத்து 200 வருஷம் தாண்டிய ஊரில், அந்த 6 மணி நேரத்தை வெட்கத்துக்குத் தாரைவார்க்கலாமா?