கோடை வெயிலும் வளவுக் குழாய்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மழை பெரும்பாலும் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையே பெய்கின்றது. பங்குனி கழியுமுன் கிணற்று நீர் இறங்கத் தொடங்கிவிடும். சோளகம் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் வாளிக் கயிற்றுக்கு மேலும் ஒரு முழம் கூட்டிக் கட்ட நேர்ந்ததை, கையால் நீர் அள்ளிய காலத்தார் நன்கறிவர். இன்று அவ்வேலையை மின்சார இயந்திரம் செய்கின்றது. பொத்தானை அமுக்குபவருக்குக் கிணற்றின் நிலை கண்ணிற் படுவதில்லை. வளவில் ஓடும் குழாய்களைப் பற்றி இவ்வாரம் எழுத முற்பட்டது இதனாலேயே.

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல்லாலானது. மழைநீர் அக்கல்லின் வெடிப்புக்களுக்குள் இறங்கி, தன்னிலும் கனமான கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை மாணவர் பலர் கேள்விப்பட்டிருப்பர். கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் ஆராய்வோர் கைக்கொள்ளும் கணக்கு. ஆகவே மேலே சிறிது குறைந்தாலும் கீழே பெரிதும் குறையும். அன்றியும், ஒரே மூச்சில் நெடுநேரம் இறைத்தால், உறிஞ்சு குழாயின் நேர்கீழே சவர்நீர் கூம்புபோல் மேலெழும். சவரேறிய கிணறு நல்லதொரு மாரியைக் காணுமுன் தேறுவது அரிது. வேலியோரத்தில் ஒழுகும் ஒரு குழாய் இயந்திரத்தை மேலும் ஒருமுறை இயக்கச் செய்கின்றது என்பதை எண்ணுங்கால், அதனை அற்ப விடயமென்று தள்ள இயலுமா?

விநாடிக்கு ஒரு துளி வீதம் சொட்டும் குழாய் ஒரு நாளில் 86,400 துளிகளை இழக்கின்றது. 20 துளி ஒரு மில்லிலீற்றர் எனக் கொண்டால் அது 4 லீற்றருக்கு மேலாகும். நான்கு மாதத்தில் 500 லீற்றர்த் தாங்கியொன்று நிறையும். இதற்கு மாற்று, சில ரூபா விலையுள்ள ஒரு வாசர்.

கண்ணுக்குத் தெரியாத ஒழுக்கைக் காண எளிய வழியுண்டு. இரவில் தாங்கியை நிரப்பி, குழாய்களையெல்லாம் பூட்டிவிட்டு, நீர்மட்டத்தைத் தடியொன்றால் அளந்து வைக்க. விடியற்காலையில் மட்டம் இறங்கியிருந்தால், மண்ணுக்குள்ளேயோ சுவருக்குள்ளேயோ எங்கோ பழுது உண்டு. இவ்வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். பெரியவர்களிலும் கவனமாகச் செய்வார்கள்.

பிவிசி குழாய்க்கு வெயிலே முதற் பகை. பல ஆண்டுகள் வெயிலிற் கிடந்த குழாய் நிறம் வெளிறி, நொறுங்குந் தன்மை பெறுகின்றது. பின் ஏணி சாய்ந்தாலே வெடித்துவிடும். ஒரு சாணளவாவது மண்ணிற் புதைத்தல் நன்று. புதைக்க இயலாதவிடத்து வெளிர் நிறமான, நீரிற் கரையும் வண்ணத்தைப் பூசுக. எண்ணெய் வண்ணம் வேண்டா; அதிலுள்ள கரைப்பான் குழாயைக் கெடுக்கக்கூடும். மேலும், 10 மீற்றர் நீளக் குழாய் 20 பாகை வெப்பம் ஏறும்போது ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் நீள்கின்றது. இரு முனையையும் சீமெந்தால் இறுக்கிவிட்டால் அது வளைந்து பொருத்தையே பிளக்கும். பசை பூசிப் பொருத்துவதையும் உச்சி வெயிலிற் செய்யலாகாது. பசை பொருந்துமுன் காய்ந்துவிடும். காலையோ மாலையோ ஏற்றது.

இயந்திரத்தை வெயிலிலிருந்து காக்கவெனச் சிலர் சாக்கினால் மூடி வைக்கின்றனர். காற்றின்றி அது சூடேறிக் கருகும். மேலே கிடுகுக் கூரை போட்டு, பக்கங்களைத் திறந்து விடுவதே முறை. உறிஞ்சு குழாயின் வாய் நீருக்கு வெளியே வந்தபின் இயந்திரம் ஓடினால் உள்ளேயுள்ள அடைப்புகள் கருகிப்போகும். ஆதலாற் கோடையில் வாரம் ஒருமுறையேனும் கிணற்றை எட்டிப் பார்த்து, சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு இறைக்க வேண்டும்.

தாங்கியின் மூடியையும் மறத்தலாகாது. இலங்கை மலேரியா அற்ற நாடென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆயினும், கிணறுகளிலும் தாங்கிகளிலும் பெருகவல்ல அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் மலேரியா நுளம்பு அதன்பின் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கண்டுபிடிக்கப்பட்டது. வெயிலில் வளைந்து மூடாது நிற்கும் மூடியை உடனே மாற்றுக; மிகைநீர் வழியும் குழாயின் வாயை நெருக்கமான வலைத்துண்டொன்றால் இறுகக் கட்டிவிடுக.